சாம்பல் கோடுகள்

அத்தியாயம் ஆறு

வெளியில் பூட்டு விழுந்த சத்தம் அப்துல் ஸமட்டுக்குத் துல்லியமாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் தன் சட்டைப் பையில் கிடக்கும் சாவி அவருக்கு ஞாபகம் வந்தது. பூட்டு கதவுக்கு அந்தப் பக்கம், சாவி இந்தப் பக்கம். இப்படி ஒரு சாவியை வைத்துக்கொண்டு காது குடையலாம், வேறு எதற்கும் உதவாது.

"தங்கத்துரை," என்றார் தணிந்த குரலில். "திறந்த பூட்ட எங்க வெச்சாய்?"

"கொண்டியிலதான் காக்கா. தொங்கவிட்டுட்டு வந்தன்."

"கையில எடுத்துட்டு வரச் சொல்லல்லியா?"

"கையில எடுத்தா களவெடுத்த மாதிரி இரிக்குமே எண்டு விட்டன்."

"இப்ப நாம செய்யிறது என்ன, கத்தம் ஓதுறதா?"

தங்கத்துரை கதவில் காதை வைத்துக் கேட்டான். செருப்புச் சத்தம் ஒன்று விறாந்தையிலேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு ஒழுங்கைப் பக்கம் இறங்கிப் போனது. அதோடு எல்லாம் அடங்கியது. தூரத்தில் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கான இரண்டாவது பாங்கு கேட்டது.

ஸமட் பொலிஸில் சார்ஜனாக இருந்தவர். பெரியவர் ஒருவரிடம் வாய் காட்டியதால் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தவர். காணாமற்போன மாடு, ஓடிப்போன மாப்பிள்ளை, ஆள் தெரியாத களவு, இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இப்போது கல்முனையில் அவர் பிழைப்பு. தங்கத்துரை அவருடைய கையாள், அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான். அவன் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளைவிட அவன் வாய் வேகமாக ஓடும்.

அவர்கள் மாட்டிக்கொண்டிருந்தது சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்த நில அளவைக் கந்தோரின் விறாந்தையை ஒட்டிய அறையில். கந்தோர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜவுபர் ஹாஜியார் அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்ட ஓட்டு வீடு அது. ஒரே கதவு, ஒரே யன்னல், யன்னலுக்கு விரலளவு தடிப்பில் இரும்புக் கம்பி. உள்ளே மேசை, அலுமாரி, மூலையில் குடிதண்ணீர்ப் பானை. எங்கு பார்த்தாலும் சுருட்டி வைத்த படங்கள்.

"சத்தம் போட்டுக் கூப்பிடுவமா?" என்றான் தங்கத்துரை.

"கூப்பிட்டு என்ன சொல்லுவாய்? அரசாங்கத்துப் படத்த எரிக்க வந்தம், கதவ மட்டும் திறந்து விடுங்க எண்டா?"

தங்கத்துரை கதவை விட்டு நகர்ந்தான்.

எரிக்கத்தான் வந்திருந்தார்கள். சாகாமத்துக் குளத்துக்கு மேற்கே உள்ள காடு போன மாதம் பற்றி எரிந்தது. எழுபத்தெட்டுப் புயலில் சாய்ந்த மரங்கள் இரண்டு வருஷ வெயிலில் காய்ந்து கிடந்த காடு. கச்சான் காற்று நெருப்பைக் குளக்கட்டுவரை உருட்டிக்கொண்டு வந்தது. சேனைக் காவற்குடிலில் இருந்த முருகேசு என்ற மனுசன் வெளியே வர முடியாமல் கருகிப் போனான். பிறகு ஒரு விமானம் வந்து மேலிருந்து படம் பிடித்தது. அந்தப் படங்களைச் சேர்த்துக் கந்தோரில் ஒரு வரைபடம் கீறினார்கள். எரிந்த நிலம் கிழக்கே அகன்று, மேற்கே கூம்பி, ஒரு முனையில் போய் முடிந்தது. நெருப்பு தொடங்கிய அந்த முனையில் இருந்தது காலிதீனுடைய மாட்டுப்பட்டி. புதுப்புல் முளைக்க வேண்டுமென்று பழம்புல்லுக்கு நெருப்பு வைப்பது பட்டிக்காரர் வழக்கம். அதைக் கேட்ட பொலிஸுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. காலிதீன் மறியல் சிறையில் இருந்தான். திங்கட்கிழமை நீதவானுக்கு முன்னால் அந்த வரைபடம் வரும்.

இந்தக் கந்தோருக்கு எதிர்வீட்டில் இருந்த காலிதீனின் மனைவி சுஹறாதான் ஸமட்டைத் தேடி வந்தவள். அழவில்லை. "அவர் வெச்சிருந்தா நானே சொல்லிக் குடுப்பன் காக்கா, அவர் வெக்கல்ல," என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் ஸமட் இந்த வேலையை ஏற்றார்.

ஏற்ற பிறகு அவரிடம் வந்தவர் ஜவுபர் ஹாஜியார். "பாவம் காலிதீன். அந்தப் படம் இரிக்குமட்டும் அவனுக்கு விமோசனமில்ல. வீட்டுக்காரன் எண்ட முறையில என்னட்ட ஒரு சாவி இரிக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் ஊரில ஒரு ஆளும் இரிக்காது. ஒரு நெருப்புக்குச்சி போதும்," என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார்.

ஸமட்டுக்குக் கடதாசியைக் கண்டாலே ஆகாது. பொலிஸில் இருந்த காலத்தில், வாய் பேசாத கடதாசி வாயுள்ள மனுசரை உள்ளே அனுப்புவதை எத்தனையோ தரம் பார்த்தவர். அதனால் சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கியது புத்தியா மடத்தனமா என்பது இப்போதுதான் தெரிய வருகிறது.

"காக்கா, மேசையில ஒண்டு நிக்கிது. சின்ன பெஞ்சு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி," என்றான் தங்கத்துரை.

குட்டையான நாலு காலில் நிற்கும் இரட்டைக் கண்ணாடி. அதன் கீழே இரண்டு விமானப் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஸமட்டுக்கு அது தெரியும். புதன்கிழமை இந்தக் கந்தோருக்கு வந்து, படம் கீறும் முனவ்வறா என்ற பிள்ளையோடு அவர் சண்டை பிடித்தார்.

"ஆகாயத்தில போனவனுக்கு ஆரு நெருப்பு வெச்சதெண்டு எப்பிடிப் புள்ள தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

"ஆரு எண்டு படம் சொல்லாது காக்கா. எங்க, எப்பிடி எண்டுதான் சொல்லும். நீங்க படத்தப் பாக்காமலே படத்துக்கு ஏசுறீங்க," என்று அவள் நிமிராமல் பதில் சொன்னாள். இந்தக் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணாலும் பார்த்தால் மரமெல்லாம் எழும்பி நிற்கும் என்றும் சொன்னாள். ஸமட் பார்க்கவில்லை. பார்த்தால் நம்பிவிடுவோமோ என்ற பயம்.

இப்போது சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றான் தங்கத்துரை. "கதவு பூட்டிக் கிடக்கு. இதுக்குள்ள நெருப்பு வெச்சா முதல்ல எரியிறது படமா, நாமளா?"

அது நியாயம். ஸமட் தீப்பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"வேற வேலையுமில்ல. ஒருக்காப் பாப்பம்," என்று சொல்லிக்கொண்டே தங்கத்துரை குனிந்து கண்ணாடிக்குள் கண்ணைப் புதைத்தான். பிறகு, "அடியாத்தே," என்றான். "எழும்புது காக்கா. குளக்கட்டு மதில் மாதிரி எழும்புது. நான் பருந்தாகிட்டன்."

"பருந்து, தள்ளிப் போ."

ஸமட் குனிந்தார். முதலில் இரண்டு படமும் இரண்டாகவே தெரிந்தன. இமையைச் சுருக்கி, விரித்து, மறுபடி பார்த்தார். சட்டென்று இரண்டும் ஒன்றாகி, காடு அவர் முகத்துக்கு நேரே எழுந்து வந்தது. தரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் கிடந்தன. ஒன்றிரண்டல்ல, நிலம் நிறைய. எல்லாம் ஒரே பக்கமாக, எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலைமயிர் போல.

"இது என்னடா கோடு?"

"நானும் அதத்தான் பாத்தன். விறகு முழுசா எரிஞ்சா வெள்ளச் சாம்பல்தானே மிஞ்சும். விழுந்து கிடந்த மரம் கிடந்தபடியே எரிஞ்சிரிக்கு. சாம்பலும் மரம் கிடந்த மாதிரியே நீட்டுக்குக் கிடக்கு."

"ஒரே பக்கமா?"

"புயல் ஒரு பக்கமாத்தானே தள்ளினது. ஆளாளுக்குத் திசை கேட்டா தள்ளினது?"

ஸமட் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். வழியெல்லாம் கோடு. மேற்கே போகப் போக எரிந்த நிலம் ஒடுங்கியது. காலிதீனின் பட்டி வந்தது. வேலி எரிந்த வட்டம் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே சின்னச் சின்னத் திட்டாக ஏதோ கிடந்தது. கன்றுக்குட்டிகள் என்று விளங்கியதும் கண்ணை எடுக்கப் பார்த்தார், எடுக்கவில்லை. எரிந்த நிலம் அந்த வட்டத்தோடு முடியவில்லை. பட்டியைத் தாண்டி இன்னும் மேற்கே ஒரு துண்டு போனது. கீறின வரைபடத்தில் பட்டியும் அந்தத் துண்டும் ஒரே மைக்குத்துக்குள் அடங்கிப் போயிருக்கும்.

அந்தத் துண்டில் கோடே இல்லை. புள்ளிகள்தான் இருந்தன. கறுப்புத் துணியில் அரிசி சிந்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

ஸமட் நிமிர்ந்தார். முதுகு வியர்வையில் ஒட்டியது. அறை சூளையாகக் கொதித்தது.

"தங்கத்துரை, புயல் ஒரு மரத்தத் தள்ளினா அடி என்னாகும்?"

"வேரோட கிளம்பும்."

"அடிக்கட்டை தரையில நிக்குமா?"

"நிக்காது. வாளால அரிஞ்சா மட்டும்தான்..." தங்கத்துரை பாதியில் நிறுத்தினான். பிறகு தானே மெல்லச் சொன்னான், "கோடு புயல் தள்ளினது. புள்ளி மனுசன் அரிஞ்சது. மரத்தக் கொண்டு போயிட்டான், அடிக்கட்டை மட்டும் நிண்டு எரிஞ்சிரிக்கு."

"வாள் பட்ட அடிக்கட்டை காட்டு இலாகாக்காரன்ட கண்ணில படப்படாது எண்டு எரிச்சிரிக்கான். எரிச்ச எரிப்பிலதான் அது மேல இரிந்தே தெரியிது."

"அப்ப காலிதீன்?"

"கச்சான் எந்தப் பக்கமிரிந்து அடிக்கும்?"

"மேற்கால."

"புல்லுக்கு நெருப்பு வெக்கிற பட்டிக்காரன் பட்டிக்கு எந்தப் பக்கம் வெப்பான்?"

"கிழக்கால. அப்பதான் நெருப்பு பட்டிய விட்டு விலகிப் போகும்." தங்கத்துரை தலையைச் சொறிந்தான். "இது பட்டிக்கு மேற்கால பத்தின நெருப்பு. அவன் வெச்சிருந்தா தன்ட கண்டுக்குட்டிக்கு மேலதான் வெச்சிருக்கணும். காக்கா, இந்தப் படம் காலிதீன்ட கழுத்துக்குக் கயிறில்ல. கிணத்துக்குள்ள கிடக்கிறவனுக்கு விட்ட கயிறு. நாம அத எரிக்க வந்திரிக்கம்."

"நாம வரல்ல. நம்மள அனுப்பியிரிக்கு."

சாகாமக் காட்டில் புயலுக்குச் சாய்ந்த மரத்தை மட்டும் எடுக்க ஒரேயொரு ஆளுக்குத்தான் பெர்மிட் கொடுத்திருந்தார்கள். அது யாரென்று கல்முனை தொடக்கம் பாலமுனை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். மரம் ஏற்றின லொறியின் நெற்றியில் பேரே எழுதியிருந்தது. ஜவுபர் ஹாஜியார்.

"சாவி தந்தவர்," என்றான் தங்கத்துரை.

"ஜும்ஆ நேரம் போகச் சொன்னவர்."

"நெருப்புக்குச்சி போதும் எண்டவர்." தங்கத்துரை கதவைப் பார்த்தான். "அப்ப பூட்டினவரும்..."

முடிப்பதற்குள் மூக்கு முந்திக்கொண்டது. மண்ணெண்ணெய். கதவின் அடியால் மெல்லிய கோடாக ஈரம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் விறாந்தையில் எங்கோ ஒரு துணி எரிகிற வாடை. ஆள் கொளுத்திவிட்டுப் போயிருந்தான். நெருப்புத்தான் ஆற அமர நடந்து வந்துகொண்டிருந்தது.

பானைத் தண்ணீரை ஸமட் தூக்கிக் கதவடியில் ஊற்றினார். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதந்து இன்னும் உள்ளேதான் வந்தது. கதவுக்கு வெளியே 'புஸ்' என்று ஒரு மூச்சு. இடுக்கெல்லாம் மஞ்சளானது.

"இப்ப சத்தம் போடலாமா?" என்று இருமினான் தங்கத்துரை.

"போட்டு ஆருக்குக் கேக்கும்? ஊர் முழுக்கப் பள்ளியில."

நாள் பார்த்து நேரம் பார்த்து வைத்த பொறி. இரண்டு பேரும் கருகிப் போவார்கள், படமும் போகும். காலிதீனுக்காக வந்த சார்ஜன் கந்தோருக்கு நெருப்பு வைக்கப் போய்த் தானும் மாட்டிக்கொண்டான் என்று ஊர் சொல்லும். பையில் தீப்பெட்டி வேறு. செத்த பிறகு மையித்தைக் குளிப்பாட்டுகிறவனே சாட்சி சொல்லுவான்.

இரண்டு படத்தையும் உருவிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினார். சாரன் நுனியை மூக்கில் பொத்திக்கொண்டு யன்னலைத் தள்ளினார். கம்பிக்கு அந்தப் பக்கம் சின்ன ஒழுங்கை, அதற்கப்பால் கிடுகு வேலி. வேலிக்குள் இரண்டு கண்.

"ஆரது உள்ளுக்கு?" என்றது வேலி.

வேலியில் இன்னும் இரண்டு கண், பக்கத்து வேலியில் இன்னும் நாலு.

"நான் சார்ஜன் ஸமட். கதவில நெருப்பு."

"நீங்க ரெண்டு பேரும் பூனை மாதிரி உள்ளுக்குப் போகக்குள்ளேயே கண்டம்," என்றாள் ஆயிஷா உம்மா, வேலியை விலக்கிக்கொண்டு. கடற்கரையில் கருவாடு காயப்போட்டு நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள். குரல் கடலைத் தாண்டும். "மறுகா ஹாஜியார் ஒரு எண்ணெய்த் தகரத்தோட வந்தார். தகரமில்லாமப் போனார். சாவி எங்க?"

"என்னட்ட."

"உள்ளுக்கிரிந்து என்னத்துக்குச் சாவி? எறிங்க."

ஸமட் கம்பிக்கூடாகச் சாவியை வீசினார். ஆயிஷா உம்மா முந்தானையில் பிடித்தாள். அவள் போட்ட ஒரு சத்தத்தில் ஒழுங்கை திறந்துகொண்டது. எதிர்வீட்டுச் சுஹறா கிணற்று வாளியோடு வந்தாள். பின்னால் சோற்றுக் கையோடு ஓடி வந்தவள், பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே வந்தவள், அடுத்த வளவிலிருந்து முனவ்வறா. கடற்கரை மணலையும் கிணற்றுத் தண்ணீரையும் மாறி மாறிக் கொட்டினார்கள். பூட்டு சுட்டது. ஆயிஷா உம்மா முந்தானையை நனைத்துச் சுற்றிக்கொண்டு திறந்தாள்.

ஸமட்டும் தங்கத்துரையும் வெளியே வந்து விழுந்தார்கள். தங்கத்துரையின் ஒரு பக்க மீசை கருகியிருந்தது. "மற்றப் பக்கத்தையும் எரிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டான். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் புகையைக் கண்டு ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஜவுபர் ஹாஜியார், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அவருக்குப் பின்னால் கந்தோர்ப் பெரியவர்.

"அல்லாட காவல். என்ட வீடு," என்று ஹாஜியார் நெஞ்சில் கை வைத்தார். பிறகு ஸமட்டைப் பார்த்தார். உயிரோடு இருப்பதைப் பார்த்த அந்தக் கண்கள் ஒரு கணம் தடுமாறின. குரல் தடுமாறவில்லை. "நான் நெனச்சன். காலிதீன்ட ஆக்கள் படத்த எரிக்க வந்திரிக்கானுகள். பையப் பாருங்க."

கந்தோர்ப் பெரியவர் ஸமட்டின் பையில் கை விட்டார். தீப்பெட்டி வந்தது.

கூட்டம் முனகியது. ஸமட்டுக்குக் கதவு இரண்டாவது தடவை பூட்டின மாதிரி இருந்தது. நெருப்பில்லாமலே மூச்சு முட்டியது. காலிதீனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ஓம். எரிக்கத்தான் வந்தன்," என்றார். "இவர் தந்த சாவியோட, இவர் சொன்ன நேரத்தில. எரிக்கல்ல. பாத்தன்." பொத்தானைக் கழற்றி, வியர்வையில் நனைந்த படங்களை எடுத்து முனவ்வறாவிடம் நீட்டினார். "புள்ள, பட்டிக்கு மேற்கால புள்ளியா இரிக்கிறது என்னெண்டு இவங்களுக்குச் சொல்லு."

முனவ்வறா படத்தைப் பார்க்கவே இல்லை. "அரிஞ்ச அடிக்கட்டை. நேத்துத்தான் கண்டன். சேருக்குக் காட்டத்தான் கண்ணாடிக்குக் கீழ வெச்சிட்டுப் போனன்," என்றாள் கந்தோர்ப் பெரியவரைப் பார்த்து.

ஹாஜியார் சிரித்தார். "அது கிடக்கட்டும். இந்த நெருப்ப நான் வெச்சனெண்டா சொல்றாய்? நான் பள்ளியில இரிந்தன். கேட்டுப் பாருங்க. ஜும்ஆ நேரம் ஊரில ஆரு இரிந்தது பாக்க?"

"நாங்க இரிந்தம்," என்றாள் ஆயிஷா உம்மா.

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு வேலி பெண்கள். ஜும்ஆ நேரம் ஊரில் ஒரு ஆளும் இல்லை என்று அவர் சொன்னபோது ஸமட்டும் தலையாட்டியவர்தான். எந்த வெள்ளிக்கிழமையும் பள்ளிக்குப் போகாத பாதி ஊரை அவரும் எண்ணவில்லை, இவரும் எண்ணவில்லை.

"தகரத்தோட வந்ததக் கண்டன். பூட்ட அமத்தினதக் கண்டன். வெறுங்கையோட ஓடிப் பள்ளிக்குப் போனதையும் கண்டன்," என்றாள் ஆயிஷா உம்மா. "நான் மட்டுமில்ல."

"பொம்புளைகள்ட கதை," என்றார் ஹாஜியார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "இது என்ட சொந்த வீடு. தன்ட வீட்டுக்குத் தானே ஆராவது நெருப்பு வெப்பானா? இத எந்த மடையன் நம்புவான்?"

ஸமட் வாய் திறக்கப் போனார். அதற்குள் சுஹறா வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"என்ட மனுசன் தன்ட கண்டுக்குட்டிகளத் தானே உசிரோட கொளுத்தினாரெண்டு சொன்னப்ப, முழு ஊரும் நம்பினதுதானே ஹாஜியார்," என்றாள். "இதையும் நம்பும்."

ஒழுங்கை குறுகலானது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் வாளிகளோடு பெண்கள். ஹாஜியார் இரண்டு பக்கமும் பார்த்தார். விலகி வழி விட ஒருவரும் இல்லை.